வெல்லம்பிட்டியில வெள்ளக் கோடு அளக்கிறம், உயரம் மைனஸ் 95 மீற்றர் காட்டுது, என்ன பிழை?

கால்வாய்க்கரை
ஞாயிறு, இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் 5 பேர், சனி ஞாயிறுகளில கொழும்புக்குக் கிட்ட இருக்கிற கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் ஒழுங்கை ஒழுங்கையா நடந்து 2016 மே வெள்ளம் எந்த மட்டத்துக்கு ஏறினது எண்டு வீட்டுச் சுவர்களில இருக்கிற கோடுகளை அளந்து மப்பில ஏத்துறம். ஒவ்வொரு வருசமும் ஆராவது சுவருக்குப் பெயின்ற் அடிக்க ஒரு கோடு போயிடுது, அதுதான் அவசரம். ஒரு அம்மம்மா கதவு நிலையில கத்தியால கீறி வச்சிருக்கிறா, மகன் நிலைக்கு வானிஷ் பூசேக்க அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் பூச விடேல்லையாம், இப்பவும் வெறும் மரமாத்தான் இருக்கு.

முதல்ல போனிலயே இடத்தைக் குறிச்சனாங்கள். திறந்த வெளியிலயே போன் 5 மீற்றர் தள்ளிக் காட்டும், உயரம் இன்னும் மோசம். அங்க நிலம் தட்டை, ஒரு ஒழுங்கைக்கும் மற்ற ஒழுங்கைக்கும் அரை அடி வித்தியாசம் இருந்தாலே பெரிசு, அந்த அரை அடியிலதான் ஒரு வீட்டுக்குள்ள தண்ணி வாறதும் பக்கத்து வீட்டுக்குள்ள வராததும் இருக்கு. அதால காசு சேர்த்து இசட்ஈடி எஃப்9பி எண்ட, சென்ரிமீற்றர் கணக்கில இடம் சொல்லுற ஜிபிஎஸ் ரிசீவர் 2 வாங்கினம். ஒண்டு கொலன்னாவையில சிநேகிதன் வீட்டு மொட்டைமாடியில பேஸா அசையாமல் நிக்குது, மற்றது 2 மீற்றர் தடியில நாங்கள் கொண்டு திரியிற ரோவர், பேஸ் அனுப்பிற திருத்தம் ரோவருக்குப் போன் டேட்டாவில வருது, க்யூபீல்ட் எண்ட மப் அப்பில பதியிறம்.

நேற்று முழுநாளும் வெயிலுக்க நிண்டு 41 பொயின்ற் எடுத்தம். வீட்ட வந்து திறந்து பாத்தா வந்த உயரம் எல்லாம் −95.6, −95.8 இப்பிடிக் கிடக்கு. அதே ரிசீவரை வேற ஒரு அப்போட சேத்துப் பாத்தா 1.4 எண்டு காட்டுது. எது சரி, ரிசீவர் பழுதோ, இல்லாட்டி நாங்கள்தான் எங்கயோ பிழை விட்டிட்டமோ, விளங்கேல்ல.

---

பழைய_தியோடலைட்
ஞாயிறு, இரவு 9.35

தம்பி, ரிசீவர் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு அப்பும் சொல்லுறது சரிதான். ரெண்டும் வேற வேற பூச்சிய மட்டத்தில இருந்து அளக்குது, அவ்வளவுதான்.

ஜிபிஎஸ்க்கு கடல் மட்டம் தெரியாது. பூமியை ஒரு வழுவழுப்பான நீள்வட்ட உருண்டையாக் கணக்கில வச்சு அதின்ர மேற்பரப்பில இருந்துதான் உயரம் சொல்லும். உண்மையான கடல் மட்டம் ஈர்ப்பு விசையைப் பொறுத்து அந்த உருண்டைக்கு மேலயும் கீழயும் வளைஞ்சு கிடக்குது, அதைத்தான் ஜியோயிட் எண்டுறது. உலகத்திலயே அது ஆகக் கூடக் கீழ இறங்கிற இடம் எங்கட தீவுக்குத் தெற்கால இந்து சமுத்திரத்தில, அங்க சுமார் 106 மீற்றர் பள்ளம். கொழும்பில 97 மீற்றருக்குக் கிட்ட. அதால காலிமுகத்திடல்ல கடல் தண்ணியில கால் நனைய நிண்டு அளந்தாலும் −97 பக்கம்தான் காட்டும். உங்கட −95.6ஐயும் 97ஐயும் கூட்டிப் பாருங்கோ, 1.4 வரும். மற்ற அப் அந்தக் கூட்டலைத் தானே செய்து காட்டியிருக்கு.

ஆனா எனக்கு அதைவிடக் கவலை வேற. மூண்டு விசயம் சொல்லுங்கோ. ஒண்டு, தடியின்ர உயரத்தை அப்பில குடுத்தனீங்களோ. ரெண்டு, ஒவ்வொரு பொயின்ற்றும் எடுக்கேக்க ஃபிக்ஸில (சென்ரிமீற்றர் கணக்கில உறுதியான நிலை) இருந்ததோ ஃப்ளோட்டில (இன்னும் உறுதியாகாத நிலை) இருந்ததோ எண்டு பதிவு இருக்கோ. மூண்டு, பேஸின்ர ஆள்கூறு, அதாவது அது நிக்கிற இடத்தைச் சொல்லுற எண், எங்க இருந்து வந்தது.

---

கால்வாய்க்கரை
ஞாயிறு, இரவு 10.20

ஐயா, 97 கூட்டினா வருது! ரெண்டு நாளா மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டிருந்தனான், மெத்தப் பெரிய நன்றி.

ஆனா உங்கட மூண்டு கேள்வியும் வாசிச்சபிறகு மனம் சரியில்லை. தடி உயரம் 2.00 குடுத்தனான், ஆனா பின்னேரம் பஸ்ஸில ஏத்தச் சுகமா இருக்கட்டும் எண்டு தம்பியார் ஒருவர் தடியை 1.80க்கு இறக்கிப்போட்டுத் திரும்ப ஏத்த மறந்திட்டார், எந்தப் பொயின்ற்றில இருந்து எண்டு ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. ஃபிக்ஸ் ஃப்ளோட் பதியேல்ல, திரையில பச்சையா இருந்தா அமத்தினம். பேஸ் ஆள்கூறு அதுவே ஒரு மணித்தியாலம் சராசரி எடுத்து வச்சது. 41இல 15க்கு உயரமே இல்லை, இசட் காலியாக் கிடக்கு, அது ஏன் எண்டும் தெரியேல்ல.

---

வரைபடப்பிள்ளை
ஞாயிறு, இரவு 11.05

அண்ணா, இசட் காலியா வந்ததுக்குக் காரணம் லேயர்தான். வீட்டுல க்யூஜிஐஎஸ் எண்ட மப் சொஃப்ட்வெயார்ல லேயர் (பொயின்ற் எல்லாம் சேர்ற அடுக்கு) செய்யும்போது சும்மா பொயின்ற் எண்டு தெரிவு செஞ்சா அதுல உயரம் வைக்க இடமே இருக்காது, ரிசீவர் எவ்வளவு சரியா அனுப்பினாலும் கொட்டிப்போகும். பொயின்ற் இசட் எண்டு செய்யணும். உங்ககிட்ட ரெண்டு போன்ல ரெண்டு ப்ரொஜெக்ட் இருந்திருக்கும், ஒண்டு சரி, ஒண்டு பிழை, பாருங்க.

அடுத்தது, திரை நடுவில இருக்கிற அந்தக் குறி ஜிபிஎஸ் நிக்கிற இடத்தோட பூட்டியிருக்கா எண்டு ஒவ்வொரு தரமும் பாருங்க. மப்பை விரலால கொஞ்சம் நகர்த்தினாலே பூட்டு கழண்டிடும், பிறகு நீங்க அமத்துறது திரையின் நடு இடம், தடி நிக்கிற இடமில்ல. எங்க பைனல் இயர் ப்ரொஜெக்ட்ல ஒரு மரத்தை நடு ரோட்டில வச்சது இப்பிடித்தான்.

ஃபிக்ஸ் ஃப்ளோட் கையால எழுதவே தேவையில்ல. லேயருக்கு சில கொலம் சேருங்க, ஃபிக்ஸ் நிலை, கிடைத் துல்லியம், செங்குத்துத் துல்லியம், தடி உயரம், எடுத்த நேரம், எடுத்தவர் பேர். க்யூபீல்ட்ல ரிசீவர் சொல்லுற பெறுமதிகளைத் தர்ற ஜிஎன்எஸ்எஸ் மாறிகள் இருக்கு, அதுகளைக் கொலத்தின் டீஃபோல்ட் வெல்யூவாப் போட்டுவிட்டா பொயின்ற் அமத்தின உடனே தானா நிரம்பிடும். தடி உயரத்தை மட்டும் டீஃபோல்ட் ஆக்காதீங்க, ஒவ்வொரு தரமும் ஆள் கையால தட்டி எழுதட்டும், அப்பத்தான் தடியைப் பாப்பாங்க. துல்லியம் இவ்வளவுக்குக் கூடினா பதியவே விடாத மாதிரி எல்லையும் வைக்கலாம். ஒரே இடத்தில கன தரம் வாசிச்சு சராசரி எடுக்கிற வசதியும் இருக்கு, அதையும் போடுங்க.

---

சைற்_எஞ்சினியர்
திங்கள், காலை 7.15

குறை நினைக்காதீங்க, ஆனா உயரத்துக்கு இந்த முறையே பிழை எண்டுதான் நான் சொல்லுவேன். ஆர்டிகேல, அதாவது இந்த பேஸ் ரோவர் முறையில, கிடையா 1 சென்ரிமீற்றர் சொன்னா உயரத்துல அதைவிட ஒண்டரை, ரெண்டு மடங்கு பிழை வரும், ஏன்னா சற்றலைற் எல்லாம் தலைக்கு மேலதான் இருக்கு, காலுக்குக் கீழ ஒண்டும் இல்ல. ஒரு ஓட்டோ லெவலும் (மட்டம் பாக்கிற தொலைநோக்கி) ஸ்ராஃபும் (அளவுக் கோல்) வாடகைக்கு எடுத்து, உயரம் தெரிஞ்ச ஒரு மட்டக்குறியில இருந்து ஏறி வந்தா மில்லிமீற்றர் கணக்குல கிடைக்கும். ரோட்டு வேலைக்கு நாங்க அதைத்தான் நம்புறோம்.

---

பழைய_தியோடலைட்
திங்கள், காலை 9.40

எஞ்சினியர் சொல்லுறது உண்மை, உயரத்துக்கு லெவலை வெல்ல ஒண்டும் இல்லை. ஆனா இந்தப் பிள்ளையளின்ர வேலையை யோசியுங்கோ. நூறு கணக்கில வீடு, வளைஞ்சு வளைஞ்சு போற ஒழுங்கை, ஒவ்வொரு 30 மீற்றருக்கும் லெவலை மாத்தி மாத்தி வைக்கவேணும், 5 பேர் சனி ஞாயிறில எத்தினை மாதம் நடக்கிறது. வெள்ளக் கோடே 2, 3 சென்ரிமீற்றர் தடிப்பான கறை, அதுக்கு 3 சென்ரிமீற்றர் பிழை போதும். மட்டக்குறியில இருந்து பேஸ் வரைக்கும் ஒருக்கா லெவல் ஓடி, மிச்சத்தை ரோவரால செய்தால் ரெண்டுபேரும் சொல்லுறது சரியா வரும்.

தடி விசயம் ஒண்டு. 2 மீற்றர் தடி 2 பாகை சரிஞ்சா நிலத்தில இடம் 7 சென்ரிமீற்றர் தள்ளிப் போகும், உயரம் ஒரு மில்லிமீற்றர் பக்கம்தான் குறையும். அதால தடியின்ர மட்டக் குமிழி கொஞ்சம் ஆடுதே எண்டு உயரத்துக்குப் பயப்பிடாதையுங்கோ. ஆனா தடியை 20 சென்ரிமீற்றர் இறக்கினா முழு 20உம் உயரத்தில அப்பிடியே விழும். தடியின்ர பூட்டில ரேப் சுத்தி, ஒரு வெள்ளைக் கோடு போட்டு வையுங்கோ.

பேஸை ஒரு மணித்தியாலச் சராசரியில வச்சது பெரிய பிழை. அது தனிய நிண்டு கணிச்ச இடம், மீற்றர் கணக்கில தள்ளி இருக்கும், நீங்கள் எடுத்த பொயின்ற் எல்லாம் அதோட சேர்ந்து நகரும். இன்னும் மோசம், பேஸை நிப்பாட்டித் திரும்பப் போட்டால் புதுச் சராசரி எடுக்கும், அப்ப இந்தச் சனிக்கிழமை வேற உயரம், அடுத்த சனிக்கிழமை வேற உயரம். 24 மணித்தியாலம் மூல டேட்டாவைப் பதிஞ்சு, ரைனெக்ஸ் எண்ட பொது ஃபைல் வடிவத்துக்கு மாத்தி, இணையத்தில இருக்கிற கனடா அரசின்ர சிஎஸ்ஆர்எஸ் பிபிபி எண்ட இடம் கணிக்கிற சேவைக்கு ஏத்தினா ஒரு சதமும் இல்லாமல் சென்ரிமீற்றர் கணக்கில ஆள்கூறு வரும். அந்த எண்ணை பேஸில நிரந்தரமா எழுதிவிடுங்கோ. வந்த திகதியையும் குறிச்சு வையுங்கோ, நாங்கள் நிக்கிற பூமித் தட்டு வருசத்துக்குச் சுமார் 5 சென்ரிமீற்றர் வடகிழக்கா நகருது.

---

மாளிகாவத்தை_மேசன்மகன்
திங்கள், இரவு 8.10

ஒரு விசயம் ஒருத்தரும் கேக்கல்ல. கோடு சுவர்ல இருக்கு, சுவருக்கு மேல கூரைத் தகரம், ரோவரை அங்க எப்பிடி வெச்சீங்க? தகரத்துக்குக் கீழ, சுவரோட ஒட்டி சற்றலைற் எங்க தெரியப்போகுது. தெரிஞ்சாலும் தகரத்துல பட்டுத் தெறிச்சு வார சிக்னல்தான்.

எங்கட வாப்பா மேசன். வீடு கட்டக்குள்ள மட்டம் கொண்டுபோறது தண்ணி ட்யூப்லதான், கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் குழாய். அதுல தண்ணிய நிரப்பி ரெண்டு நுனியையும் ரெண்டு பக்கம் புடிச்சா தண்ணி ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துலதான் நிக்கும், வளைவுக்கு அங்கால ஆள் கண்ணுக்குத் தெரியாட்டியும் பரவாயில்ல. நீங்க ஒழுங்கை நடுவுல, வானம் நல்லாத் தெரியிற இடத்துல கொங்கிரீட் ஆணி ஒண்டு அடிச்சு ரோவரால அந்த ஆணிய அளங்க. பிறகு ட்யூப்ப ஆணிக்கு மேல ஒரு நுனி, சுவர்க் கோட்டுல ஒரு நுனி புடிச்சு, ஆணியில இருந்து தண்ணி மட்டம் எவ்வளவு எண்டு டேப்பால எடுங்க. முடிஞ்சுது.

ட்யூப்ப நிரப்பக்குள்ள ஒரு வாளியில இருந்து மெதுவா உறிஞ்சி நிரப்பணும், நடுவுல ஒரு சின்னக் காத்துக் குமிழி இருந்தாலும் மட்டம் பிழைக்கும். துணிக்குப் போடுற நீலம் ரெண்டு சொட்டு விட்டா தண்ணி நல்லாத் தெரியும். விரலை எடுத்த உடனே பாக்காதீங்க, தண்ணி ஏறி இறங்கி ஆடி நிக்க கொஞ்சம் நேரம் எடுக்கும். ரெண்டு நுனியையும் முதல்ல பக்கத்துல பக்கத்துல புடிச்சு ஒண்டா நிக்குதா எண்டு பாத்துட்டுத்தான் வேலைய தொடங்குறது, வாப்பா ஒவ்வொரு நாளும் காலையில அதைத்தான் செய்வாரு.

---

கால்வாய்க்கரை
திங்கள், இரவு 9.00

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. தடியைச் சுவரோட ஒட்டிப் பிடிச்சுத்தான் எடுத்தனாங்கள். இப்ப விளங்குது ஏன் அந்த ஒழுங்கையில அடிக்கடி ஃப்ளோட்டுக்குப் போனது எண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஒரு ஒப்பீஸில இருந்து பழைய வடிகால் பிளான் ஒண்டு கிடைச்சது, அதில கட்டம் போட்டு எண் எழுதியிருக்கு, கொழும்புப் பக்கம் கிழக்கு 99 ஆயிரம், வடக்கு 192 ஆயிரம் சொச்சம். எங்கட லேயரில அதே இடம் 399 ஆயிரம், 492 ஆயிரம். 3 லட்சத்தைக் கூட்டினா சரி வருமோ?

---

பழைய_தியோடலைட்
திங்கள், இரவு 9.50

கூட்டாதையுங்கோ! கிட்டத்தட்டச் சரி மாதிரி வந்து ஏமாத்தும். உங்கட பிளான் கண்டவளை எண்ட பழைய அளவை அடிப்படையில இருக்கிற கட்டம், அதில எண் தொடங்கிற மூலத்துக்குக் கிழக்கு 2 லட்சம், வடக்கு 2 லட்சம் எண்டு பேர் வச்சிருக்கினம், மூலம் பீதுருதாலகால மலைப் பக்கம். உங்கட லேயர் இருக்கிற 1999 கட்டத்தில அதே மலைப் பக்கம் மூலம், ஆனா 5 லட்சம், 5 லட்சம். எண்ணைப் பாத்த உடனே எந்தக் கட்டம் எண்டு தெரியவேணும் எண்டுதான் இப்பிடி மாத்தினது போல வசதியா இருக்கு. ஆனா கணிப்பும் திருத்தமும் வேற, அதால வெறும் கூட்டல் சரியா இராது. க்யூஜிஐஎஸ்ல பிளானுக்கு ஈபிஎஸ்ஜி எண்ட கட்டக் குறியீட்டு எண் 5234, உங்கட லேயருக்கு 5235 எண்டு குடுத்தா அது தானே மாத்தித் தரும்.

மாத்தேக்க எந்த மாற்றம் பாவிக்கிறது எண்டு கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஓகே குடுக்காதையுங்கோ. எவரெஸ்ட் எண்ட வேற நீள்வட்ட உருண்டையில இருக்கிற பிளானை ஜிபிஎஸ்ஸின்ர உருண்டையோட மாற்றம் இல்லாமல் ஒட்டினா கொழும்பில 200 மீற்றருக்கு மேல பக்கவாட்டில தள்ளி நிக்கும். சிலர் அதைப் பாத்திட்டு மப்பைக் கையால இழுத்துப் பொருத்துவினம், அதோட எல்லாம் போச்சு. ஒட்டினபிறகு பிளானிலயும் நிலத்திலயும் இருக்கிற ஒரு பழைய மதகு மூலையில ரோவரை வச்சுப் பாருங்கோ.

---

உப்புவயல்
செவ்வாய், மாலை 6.30

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன், எங்களுக்கும் உதே எஃப்9பிதான். பின்னேரம் வேலை செய்யிறனீங்களோ? பொழுதுபட்டு நடுச்சாமம் வரைக்கும், அதுவும் பங்குனி சித்திரையிலயும் புரட்டாதி ஐப்பசியிலயும், வானம் வெளியா இருந்தாலும் ஃபிக்ஸ் வந்து வந்து விழும். நாங்கள் காந்தப் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறம், சூரியன் மறைஞ்சபிறகு மேல் வளியில இருக்கிற அயன மண்டலத்தில குமிழி குமிழியாக் குழப்பம் வரும், சிக்னல் அதுக்குள்ளால வரேக்க நட்சத்திரம் மாதிரி மினுங்கும். இப்ப சூரியனின்ர கொந்தளிப்பும் உச்சத்தில நிண்டு இறங்கிற காலம். ஒரு மாதம் அன்ரெனாவைப் பழுது எண்டு நினைச்சு மாத்திக்கொண்டிருந்தம். இப்ப காலமை 7க்குத் தொடங்கி 2 மணிக்கு முடிக்கிறம்.

அன்ரெனா எண்டதும் ஞாபகம் வந்தது, அந்தச் சின்னச் சதுர அன்ரெனாவைத் தடியில வெறுமனே ஒட்டாதையுங்கோ, அடியில 10 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் உலோகத் தட்டு வேணும். நாங்கள் பிஸ்கற் ரின் மூடிதான் பாவிக்கிறம்.

---

கொட்டாஞ்சேனை_9
செவ்வாய், இரவு 7.45

இதுக்குள்ள ஒரு கேள்வி, மன்னிக்கணும். எங்க காணிக்கும் பக்கத்துக் காணிக்கும் எல்லைப் பிரச்சினை, அரை பேர்ச் தான், ஆனா கொழும்புல அரை பேர்ச்சும் சும்மாவா. இந்த மெசினை வச்சு எல்லைக் கல் எங்க எண்டு பாக்கலாமா?

---

பழைய_தியோடலைட்
செவ்வாய், இரவு 8.20

பாக்கலாம், ஆனா அதை வச்சு வேலி போடக் கூடாது, வழக்குக்கும் கொண்டுபோகேலாது. எல்லை அளக்கிறது 2002ஆம் ஆண்டு 17ஆம் இலக்க அளவைச் சட்டத்தின்படி பதிவான நில அளவையாளரின்ர வேலை. அவர் பழைய பிளான், உறுதி, அயல் காணிக் கல் எல்லாத்தையும் வச்சுத்தான் எல்லையைத் தீர்மானிப்பார், ஆள்கூறு அதில ஒரு பகுதிதான். அரை பேர்ச் எண்டா 12.6 சதுர மீற்றர் பக்கம், ஒரு ஆளைப் பிடிச்சு முறையா அளவுங்கோ, அயலோட கதை முறியமுதல்.

---

கால்வாய்க்கரை
ஞாயிறு, இரவு 9.15

நேற்றும் இண்டைக்கும் போட்டு வந்திட்டம். எல்லாத்தையும் எழுதுறன், ஏனெண்டா இங்க ஒவ்வொருத்தரும் சொன்னதில ஒண்டும் வீண் போகேல்ல.

பேஸ் வியாழன் முழுநாளும் ஓடி பிபிபி ஆள்கூறு வந்தது, பழைய சராசரியில இருந்து உயரம் 1.7 மீற்றர் வித்தியாசம்! மொட்டைமாடியில போல்ட் போட்டு இறுக்கி எண்ணையும் பூட்டியாச்சு. ஒழுங்கை முகப்பில ஒரு சோதனை ஆணி அடிச்சம், காலமை முதல் வேலையும் கடைசி வேலையும் அதை அளக்கிறது. சனி காலமை 1.431, மத்தியானம் 1.412, இண்டைக்கு 1.426. அதைப் பாத்தபிறகுதான் மற்ற எண்ணுகளை நம்ப மனம் வந்தது. பழைய 41ஐயும் முழுக்க அழிக்கேல்ல, தனி லேயரில "உயரம் நம்பேலாது" எண்டு எழுதி வச்சிருக்கிறம், படமும் வீட்டுக்காரர் சொன்ன கதையும் அதில இருக்கு.

தண்ணி ட்யூப் 15 மீற்றர் வாங்கினம். அம்மம்மாவின்ர வீட்டதான் முதல்ல போனம். ஒழுங்கை நடுவில ஆணி 1.12, அதில இருந்து கதவு நிலைக் கீறலுக்கு 1.36, மொத்தம் 2.48. அம்மம்மாவே ட்யூப் நுனியைப் பிடிச்சவ, நீலத் தண்ணி ஆடி ஆடி அவவின்ர கீறலுக்கு நேர வந்து நிண்டுது, "அண்டைக்கும் இப்பிடித்தான் மகன், ஆடாமல் நிண்டது" எண்டா. அங்கால 140 மீற்றர் தள்ளி ஒரு கடைச் சுவர், அது 2.51. அதுக்குப் பின்னால ஒரு மதில் 2.46. மூண்டு வேற வேற ஆணி, மூண்டு வேற வேற ஆக்கள், ஆனா 5 சென்ரிமீற்றருக்குள்ள. ஒரே குளமா நிண்ட தண்ணி ஒரே மட்டத்திலதானே நிண்டிருக்கும், அதால தண்ணியே எங்கட கணக்கைச் சரிபாத்துத் தந்த மாதிரி இருந்தது.

ஒரு வீடு மட்டும் 2.07. திரும்ப அளந்தம், ட்யூப்பையும் சோதிச்சம், 2.06. ரிசீவரில பிழை தேடிக்கொண்டு நிக்க வீட்டுக்கார நானா கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொன்னவர், இது 2016 கோடு இல்லை, 2010 நவம்பர் மழைக்கு வந்தது, 2016 கோடு பழைய சுவரோட இடிச்சாச்சு எண்டு. போன கிழமை மாதிரி அளந்திருந்தா இந்த 40 சென்ரிமீற்றர் எங்களுக்குத் தெரிஞ்சே இராது, 2016 எண்டே மப்பில போயிருக்கும். இப்ப "எந்த வெள்ளம்", "எப்பிடித் தெரியும்" எண்டு ரெண்டு கொலம் கூட்டியிருக்கிறம்.

இன்னும் செய்யாதது மட்டக்குறி இணைப்பு. இப்ப வாற உயரம் எல்லாம் உலக ஜியோயிட் மொடலை வச்சு வாறது, எங்கட வீடுகளுக்கு இடையில ஒப்பிடப் போதும், ஆனா களனி ஆற்றின்ர தண்ணி மட்டம் காட்டுற நாகலகம் வீதி ஆற்று மானி அடிக் கணக்கில, அங்க 7 அடி எண்டா பெருவெள்ளம் எண்டு அறிவிக்கிறவை, அந்த 7 அடிக்கு இந்தக் கதவு நிலையில எவ்வளவு எண்டு சொல்லவேணுமெண்டா அந்த மானியின்ர பூச்சியத்தையும் எங்கட ஆணியையும் ஒரே மட்டத்தில கட்டவேணும். சனம் கேக்கிறது அதைத்தான், ரேடியோவில அடி சொல்லேக்க எங்கட வீட்டுக்கு எவ்வளவு வரும் எண்டு.

---

சைற்_எஞ்சினியர்
ஞாயிறு, இரவு 10.05

அந்தப் பகுதியை எனக்கு விடுங்க. வாற சனி லெவல், ஸ்ராஃப், ட்ரைபொட் மூணும் கொண்டு வாறேன், ஸ்ராஃப் புடிக்க ஒரு ஆள் தாங்க. மானிக்கிட்ட வேலை செய்ய முதல்ல அனுமதி வாங்கணும், கடிதம் நாளைக்கே எழுதுங்க.

---

பழைய_தியோடலைட்
ஞாயிறு, இரவு 10.30

கடிதம் நான் எழுதித் தாறன், யாருக்கு எப்பிடி எழுதுறது எண்டு எனக்குத் தெரியும். சனிக்கிழமை நானும் வாறன், முழங்கால் கனதூரம் நடக்க விடாது, ஆனா புத்தகம் பிடிச்சு வாசிப்பு எழுதுவன். காலமை 6.30க்கு பாலத்தடியில நிக்கிறன், வெயில் ஏறமுதல் தொடங்குவம்.